குறை சொன்ன பிறகு இருக்கிற வேலை

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எது சரியில்லை, எப்படிச் சரியாகும், அதுவரை யார் கூட இருப்பது என்ற மீதிப் பாதி அப்படியே கிடக்கும். இன்னொரு கட்சி இருக்கிறது. யார் எதைக் காட்டினாலும் "அருமை" என்று சொல்லி அனுப்பிவிடுகிற கட்சி. இவர்களைக் கண்டால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் முக்கியமான ஒரு வேலையை முடித்துவிட்டு, இது தேறுமா என்று தெரிந்துகொள்ள வேண்டிய நாளில் இவர்களிடம் யாரும் போவதில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்துக்காரன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். சிலர் என்னைப் போலவே ஆசிரியர்கள். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, ஒருத்தர் செய்த வேலை சரியில்லை. அதை அவர் மனசு ஒடியாமல் எப்படிச் சொல்வது?" கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லும் வழக்கம்தான் நம் ஊரில் கெட்டுக் கிடக்கிறது. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்கே தேன் எது, மருந்து எது என்று தெரியும். வாத்தியார் திடீரென்று கையெழுத்தைப் புகழ ஆரம்பித்தால், அடுத்து என்ன வரப்போகிறது என்று அவன் தயாராகிவிடுவான். அதன் பிறகு நீங்கள் உண்மையாகவே பாராட்டினாலும் அது அவன் காதில் ஏறாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1880ஆம் ஆண்டு. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நேரே பாடம் கேட்டவர் என்ற பெருமை சேர்ந்திருந்தது. அந்தக் காலத் தமிழுலகில் அதற்கு மேல் ஒரு தகுதி கிடையாது. அப்போது முன்சீப்பாக ஊருக்கு வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். தமிழில் ஈடுபாடு உள்ளவர் என்று கேள்விப்பட்டு ஐயர் பார்க்கப் போனார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். ஆசிரியர் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலரும் என்று ஐயர் எதிர்பார்த்தார். மலரவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று ஐயர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கம்பராமாயணமும் சொன்னார். அதற்கும் முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா, சிலப்பதிகாரம், மணிமேகலை தெரியுமா என்று கேட்டார்.

அந்த நூல்களை ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரிடமும் அவை பாடமாக இருந்ததில்லை.

இதுவரை கேட்டால் இது ஓர் அவமானப்பட்ட கதை. ஊரில் மதிப்போடு இருக்கிற ஓர் இளம் ஆசிரியரை, நீ படித்ததெல்லாம் போதாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறு ஒருவராக இருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, கல்லூரித் தமிழாசிரியரை மடக்கிய கதையைப் பத்து இடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். முதலியார் அப்படிச் செய்யவில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்று ஐயர் சொன்னதும், சிந்தாமணிப் பிரதியைத் தருவதாகச் சொன்னார், சொன்னபடி பிறகு அவர் கையில் கொடுத்தார். படித்துப் பாருங்கள், அடிக்கடி வாருங்கள் என்றார். வெறுமனே சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்தார்கள். அது சமண காவியம். பல இடங்கள் பிடிபடவில்லை. ஐயர் கும்பகோணத்தில் இருந்த சமணக் குடும்பத்தாரைத் தேடிப் போய் அவர்கள் மரபுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து மேலே படித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணி உரையோடு அச்சாகி வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வந்தன. தமிழ் தன் பழைய சொத்தைத் திரும்பப் பார்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலியார் சொன்ன சொல்லில் ஓர் இனிப்பும் இல்லை. முதலில் கொஞ்சம் புகழ்ந்துவிட்டுக் குறைக்கு வரவும் இல்லை. ஆனாலும் அது ஐயரை ஒடிக்கவில்லை. காரணம், அந்தப் பிரதியைக் கையில் கொடுத்ததே பெரிய பாராட்டு. உங்களால் இதைப் படித்துவிட முடியும் என்று நம்பாதவர் அதைக் கொடுத்திருக்க மாட்டார். ஊக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். குறை சொன்னவர் அடுத்த படியையும் கையில் கொடுத்தார், கூடவே உட்கார்ந்தார். இனிப்பான சொற்களைத் தேடி நேரம் செலவழிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, அந்த நேரத்தில் கொடுப்பதற்கு ஒரு பிரதியைத் தேடு என்பதுதான்.

ஒரு வசதியான ஒற்றுமை: சிந்தாமணி அச்சான அதே 1887இல்தான் சீனிவாச இராமானுஜன் பிறந்தார். பிறந்தது ஈரோட்டில் என்றாலும் வளர்ந்தது எங்கள் கும்பகோணத்தில். ஐயர் 1903 வரை பாடம் சொன்ன அதே கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர். அவர் வாழ்க்கையைக் கணித மேதையின் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் பிடித்தது, அவருக்குக் குறை சொன்னவர்களின் கதை.

இராமானுஜன் எழுதுவது யாருக்கும் புரியாது. நடுவில் உள்ள படிகளை மனத்திலேயே போட்டுவிட்டு, முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் எழுதுவார். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தபோது, கைப்பிரதி பதிப்பாசிரியருக்கும் அவருக்கும் இடையே மீண்டும் மீண்டும் போய்வந்த பிறகே அச்சேறியது. புரியவில்லை என்று அந்தப் பதிப்பாசிரியர் ஒரே தடவையில் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார், வந்ததை மறுபடி படித்தார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு இராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவர் நாராயண ஐயர், தாமும் கணக்கில் தேர்ந்தவர். இரவில் இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். எனக்கே புரியாதபோது மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், என் மட்டத்துக்கு இறங்கி வந்து நடுவில் உள்ள படிகளையும் எழுது என்று அவர் இராமானுஜனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேலதிகாரி ஒருவர் தம்மிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவிடம் பேசிய பேச்சு இது. உனக்கு எழுதத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை என்றார். இரண்டும் ஒரே குறையைத்தான் சுட்டுகின்றன. இரண்டாவதைக் கேட்டவன் வீட்டுக்குப் போய் மறுபடி எழுதுவான்.

அப்புறம் இங்கிலாந்துக்குக் கடிதங்கள் போயின. 1912 இறுதியில் லண்டனில் பேராசிரியர் ஹில் என்பவரிடம் இராமானுஜனின் குறிப்புகள் போய்ச் சேர்ந்தன. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. படித்துப் பார்த்துத்தான் பதில் எழுதினார். இந்த இளைஞருக்குக் கணக்கில் ருசி இருக்கிறது, ஆனால் அடிப்படைப் பயிற்சி இல்லாததால் முடிவிலித் தொடர்களில் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று காட்டினார். எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். பெரும்பாலான மேலதிகாரிகள் இந்த அளவுக்குக்கூடச் செய்வதில்லை. ஆனாலும் அவர் பதில் அங்கேயே நின்றுவிட்டது. குறையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை முழுதாகப் பார்க்கவில்லை.

1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டிக்குப் போனது. பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். அந்தப் பதிலின் கட்டமைப்பை நான் பல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தேற்றங்கள் எனக்கு மிகுந்த ஆர்வத்தைத் தருகின்றன என்று முதலில் சொன்னார். பிறகு, நிரூபணம் இல்லாமல் இவற்றின் மதிப்பை முடிவு செய்ய முடியாது என்றார். அதன் பிறகு அனுப்பியிருந்தவற்றை மூன்றாகப் பிரித்தார்: முன்பே பிறர் கண்டுபிடித்தவை, புதியவைதான் ஆனால் வேடிக்கையானவை என்ற அளவில் நிற்பவை, புதியவையும் முக்கியமானவையும். கடைசியாக, நிரூபணங்களைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். இதில் பூசி மெழுகல் எங்கே இருக்கிறது? நீ கண்டுபிடித்ததில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்தது என்று சொல்வது சின்ன விஷயமா? வருஷக்கணக்கில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தவனுக்கு அது இடி. ஆனால் கடிதத்தைப் படித்த இராமானுஜனுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார் என்று. என் உழைப்பை அனுதாபத்தோடு பார்க்கும் ஒரு நண்பரைக் கண்டுகொண்டேன் என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். பின்னர், பகா எண்கள் பற்றி அவர் சொன்னது தவறு என்பதையும் ஹார்டி மறைக்காமல் எழுதினார். உறவு முறியவில்லை. 1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஹார்டிக்கு இன்னும் சிக்கலான கேள்வி. கணிதத்தின் பெரிய பகுதிகள் இராமானுஜனுக்குத் தெரியாது. முழுப் பாடத்திட்டமும் வைத்து முதலிலிருந்து கற்பித்தால் அவருடைய தன்னம்பிக்கையும் தனிப் போக்கும் போய்விடுமோ என்று ஹார்டி பயந்தார். கற்பிக்காமல் விடவும் முடியாது. எனவே எது அவசியமோ அதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவர் என்னிடம் கற்றதைவிட நான் அவரிடம் கற்றதே அதிகம் என்று பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

பெரிய மனிதர்களின் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கட்டுரை நோட்டுக்கு வருகிறேன்.

ஒரு வகுப்பின் கட்டுரை நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்துச் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தால், கண்ணில் படுவதையெல்லாம் சுழித்துக்கொண்டே போகத் தோன்றும். லகர ளகர ழகரம், ரகர றகரம், மூன்று னகரம், வேண்டிய இடத்தில் ஒற்று விட்டது, வேண்டாத இடத்தில் போட்டது, ஒருமை பன்மை மயக்கம் என்று ஒரு பக்கத்தில் முப்பது சுழி போடலாம். எல்லாம் உண்மையான பிழைகள். ஆனால் முப்பது சுழியைப் பார்க்கிற பிள்ளை ஒன்றைக்கூடப் படிக்காது. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொள்ளும். அதனால் நான் மாதத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டேன். இந்த மாதம் ல, ள, ழ மட்டும். "பல்லி" சுவரில் ஓடுவது, "பள்ளி" நாம் வருவது. அடுத்த மாதம் ஒற்று; "தண்ணீர்க் குடித்தான்" என்று எழுதாதே, "தண்ணீர் குடித்தான்" போதும். மற்றப் பிழைகள் இல்லை என்று நான் சொல்வதில்லை. இன்னும் இருக்கின்றன, அவற்றின் முறை வரும் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அது ஒளிவுமறைவு ஆகாது. ஒரு மனிதன் ஒரே சமயத்தில் எத்தனை குறையைத் திருத்திக்கொள்ள முடியும் என்ற கணக்கு அது.

பாராட்டும் அப்படித்தான். "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பாராட்டாகாது. எது நன்று? பாட்டி வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தால், ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்தை நீ எழுதியிருக்கிற அந்த ஒரு வரி எனக்குக் கேட்டது என்று எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு தகவல் கிடைக்கிறது: கேட்ட சத்தத்தை எழுதினால் படிக்கிறவருக்கும் கேட்கும். அடுத்த கட்டுரையிலும் அதைச் செய்யும். எதை விட வேண்டும் என்று தெரிவதைப் போலவே எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தெரிய வேண்டும் அல்லவா? பாராட்டைக் குறைக்கு முன்னால் தூவுகிற சர்க்கரையாக நினைப்பவர்களுக்கு இது விளங்காது.

நம் இலக்கணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பட்டியல் இருக்கிறது. குற்றங்களின் பெயர்களைப் பாருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு வேறெங்கோ போய் விரிப்பது மற்றொன்று விரித்தல். ஓகோ என்று தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல். (மேடைப் பேச்சாளர்கள் பலர் இந்தக் கடைசிக் குற்றத்தைத் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள்.) இவற்றில் ஒன்றுகூட எழுதியவனின் புத்தியைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ பேசவில்லை. குற்றம் நூலில் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது. பெயர் தெரிந்த குற்றத்தைத் திருத்தலாம். "என்னமோ சரியா வரலை" என்று சொல்லி அனுப்பினால் பாவம், அவன் எதைப் போய்த் திருத்துவான்? உங்களுக்கே எது சரியில்லை என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டால், இன்னும் ஒரு தடவை படித்துவிட்டுப் பிறகு வாயைத் திறங்கள்.

இடமும் நேரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலு பேர் முன்னால் வேண்டாம். பேச்சுப் போட்டி மேடையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளையிடம் உடனே வேண்டாம். கை சில்லிட்டிருக்கும், எதுவும் ஏறாது, மறுநாள் சொல்லலாம். நாளைக்கு மேடை என்றால் மட்டும் இன்று இரவே சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சமைத்தவரிடம் உப்பைப் பற்றி விசாரணை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களே ஒரு நாள் சமைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் நம்மவர்கள் பார்த்த முதல் நொடியிலேயே சொல்வது, "என்னடி இப்படிக் கறுத்துட்டே", "தம்பி, முடியெல்லாம் எங்கப்பா போச்சு" என்பதுதான். கேட்டால், மனசில் பட்டதைச் சொன்னேன், எனக்கு ஒளிச்சு வெச்சுப் பேசத் தெரியாது என்பார்கள். எதிரில் இருப்பவர் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைப் பற்றி, அவர் கேட்காமல், ஊர் கேட்கச் சொல்வதற்கு நேர்மை என்று பெயர் கிடையாது. அது வெறும் வாய்க்கொழுப்பு. இளம்பிள்ளைகளே, இந்தப் பழக்கத்தை எங்கள் தலைமுறையோடு விட்டுவிடுங்கள்.

அலுவலகங்களில் இப்போது வருஷத்துக்கு ஒரு முறை அப்ரைசல் என்று வைத்து உட்கார்ந்து பேசுகிறார்களாம். சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி, அதற்கு முந்தின இரவு தூக்கமே வராது என்றாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் வராது என்றாள். ஏன் வராது என்று கேட்டேன். அன்றைக்கு என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாதாம். எனக்கு அது விளங்கவே இல்லை. ஆனியில் செய்த தவறை அடுத்த பங்குனியில் சொன்னால் அதை எங்கே போய்த் திருத்துவது? ஆனியில் சொல்லியிருந்தால் ஆடியிலேயே சரியாகியிருக்குமே. வருஷம் முழுக்க முகம் கோணக் கூடாது என்று மென்று விழுங்கிவிட்டு, ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டுவதில் அன்பும் இல்லை, உண்மையும் இல்லை. அவளிடம் நான் சொன்னது, வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரோடும் டீ குடி, ஒன்றே ஒன்றை மட்டும் சொல், போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்று மறக்காமல் கேள். போன வாரத்தைக் கேட்பதுதான் முக்கியம். கேட்கப்போவதில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

இத்தனை சொன்ன பிறகும் சிலருக்கு மனசு நோகத்தான் செய்யும். நோகாமல் சொல்ல ஒரு வித்தை இருப்பதாக நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கடுமையாக உழைத்தவனுக்கு அவன் உழைப்பில் குறை இருக்கிறது என்று கேட்பது எந்த நாளும் வலிக்கும். அன்று முதலியார் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சாமிநாதையருக்கும் வலித்திருக்கும். ஆனால் ஒரு பிரதி கைக்கு வரும் என்று தெரிந்திருந்தது. அந்த வலியைப் போக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வலியோடு வேலையும் கிடைத்தால் மனிதர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

பிழைக்க முடியாதது வேறொன்று. பதிலே வராமல் இருப்பது. ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் கேம்பிரிட்ஜிலேயே வேறு இருவருக்கும் இராமானுஜன் எழுதிப் பார்த்தார், பயன் கிடைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, வேலை அதிகம் இருந்திருக்கும். நமக்கும் அப்படித்தான். உங்கள் மேசையிலோ ஃபோனிலோ யாரோ ஒருவர் நம்பிக்கையோடு அனுப்பிய கதையோ, வரைபடமோ, வேலைக்கான விண்ணப்பமோ, தம்பியின் முதல் ஓவியமோ திறக்கப்படாமல் கிடக்கும். நல்லாயில்லை என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தில்கூடத் தள்ளிப் போட்டிருப்பீர்கள். அதை இன்றைக்கு எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள். பார்த்த குறையில் ஒன்றையும் பிடித்த வரியில் ஒன்றையும் எழுதி, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வாக்கியமும் சேர்த்து இன்றே அனுப்பிவிடுங்கள்.